பழைய ரோட்டைச் சுரண்டி அதையே திரும்பப் போட்டா சீக்கிரம் வெடிச்சிருமா? முன்னாடியே டெஸ்ட் பண்ணிக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனா எல்லாரும் நம்புற மார்ஷல் டெஸ்ட்டை (கலவை வில்லை எவ்வளவு லோடு தாங்குதுன்னு அமுக்கிப் பாக்குறது) வச்சு முடியாது.

பாளையங்கோட்டை பக்கம் ஒரு ரோடு லேப்ல நாலு வருசம் குப்பை கொட்டுனவன் நான். மில்லிங் மிஷின் சுரண்டுன பழைய கலவை, ராப்னு சொல்லுவோம், லாரி லாரியா வந்து எறங்கும். மொத தடவ அதுல 30 சதவீதம் சேத்து மார்ஷல் பண்ணேன், 60 டிகிரி தண்ணில கெடந்த வில்லைய எடுத்து உடைச்சா கேக்குறது 9 கிலோநியூட்டன்தான், இது அதையெல்லாம் சாதாரணமா தாண்டிப் போவுது, எனக்குத் தல கால் புரியல. "அண்ணாச்சி, பழசு போட்டா ரோடு கல்லு மாதிரி வருது"ன்னேன். அவுக நிமிந்துகூட பாக்கல. "கருப்பட்டியுந்தாம்ல கல்லு மாதிரி இருக்கு, கீழ போட்டுப் பாரு."

விசயமே அதான். தாரு வருசக்கணக்கா வெயில்லயும் காத்துலயும் கெடந்து ஆக்சிடைஸ் ஆகி இறுகிருது. இறுகுனா டயர் தடம் பதியாது, நல்லதுதான், ஆனா இழுத்தா நீளாது, வெடிச்சிரும். மார்ஷல்ல வர்ற அந்த கிலோநியூட்டன் மார்க் இறுக்கத்துக்கு மட்டுந்தான்.

வெடிப்புக்குன்னு அமெரிக்காவுல டெக்சாஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டி ஆளுக கொண்டாந்த டெஸ்ட்தான் ஐடியல் சிடி. வில்லை 150 மில்லிமீட்டர் விட்டம், 62 மில்லிமீட்டர் உயரம், உள்ள காத்து 7 சதவீதம், 25 டிகிரி. வில்லைய சக்கரம் மாதிரி நிமித்தி வச்சு மேல இருந்து நிமிசத்துக்கு 50 மில்லி வேகத்துல அமுக்கணும், நடுவுல செங்குத்தா பொளக்கும். மார்ஷல் மிஷினும் கிட்டத்தட்ட அதே வேகந்தான் (50.8), அதனால அமுக்குற ஹெட்டை மாத்தி, கிராப் எடுக்க லாகர் (லோடைப் பதிஞ்சு வைக்கிற கருவி) மாட்டுனா ஓரளவு ஓட்டிரலாம், அச்சு மட்டும் நாலு இஞ்சு பத்தாது, ஆறு இஞ்சு வேணும்.

கிராப்ல உச்சியப் பாக்காதீங்க. உச்சிக்கு அப்புறம் லோடு எப்படி எறங்குதுன்னு பாருங்க. புது தாரு கலவை பைய சரியும், ராப் கூடுனது கிணத்துல கல்லு விழுந்த மாதிரி ஒரே இறக்கம். லோடு உச்சில முக்கால்வாசிக்கு எறங்குற எடத்துல சரிவு எவ்வளவு, அதுக்குள்ள எவ்வளவு அமுங்கிருக்கு, உடைக்க மொத்தம் எவ்வளவு எனர்ஜி போச்சு, இந்த மூணையும் சேத்ததுதான் சிடி இன்டெக்ஸ். கூட இருந்தா நல்லது.

ஏமாத்தவும் செய்யும். ஒரு மே மாசம் வில்லைய வெளிய எடுத்து வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன், வந்து உடைச்சா நம்பர் சூப்பர், வில்லை சூடாயிருக்குன்னு அப்புறந்தான் ஒறைச்சுது. வில்லை செய்யும்போது சரியா அமுக்காம காத்து கூட விட்டாலும் இதே கததான், மோசமான வில்லைக்கு நல்ல மார்க் வரும். கொறஞ்சது மூணு வில்லையாவது உடைங்க, ஒண்ண நம்பாதீங்க.

மார்க் கொறஞ்சா ராப்பைக் கொறைக்கணும், இல்ல எளகுன தாரு, பழைய தாரை எளக வைக்கிற ரெஜுவனேட்டர்னு போவணும். அதுக்கு மேல ஒண்ணு, அன்னைக்கே உடைச்சுட்டு ஓகேன்னு எழுதிராதீங்க, 85 டிகிரில 5 நாள் ஓவன்ல போட்டு வயசாக்கி இன்னொரு செட்டையும் உடைங்க. எங்க லேப்ல அந்த அஞ்சு நாளும் கரண்டு போயிரக் கூடாதேன்னு மீட்டரையே பாத்துக்கிட்டு கெடப்போம்.