அப்பாவோட எஸ்டேட் வண்டிய காயலாங்கடைக்கு போட்டுடலாமா?

வாசகி கேள்வி:

அக்கா, எங்க அப்பா 1996ல வாங்கின டாடா எஸ்டேட் வண்டி, அதான் பின்னாடி நீளமா டிக்கி வெச்ச கார், கோத்தகிரி வீட்டு ஷெட்ல நிக்குது. அப்பா தவறி மூணு வருஷம் ஆச்சு, யாரும் எடுக்கறதில்ல. சின்ன வயசுல டிக்கில சாக்கு விரிச்சு உக்காந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் போவோம், பச்சை தேயிலை மூட்டை ஏத்தின வாசம் அதுல இன்னும் இருக்கற மாதிரியே இருக்கு. அண்ணன் கோயம்புத்தூர்ல இருக்கான், காயலாங்கடைக்கு போட்டுடுன்னு ஒத்தக் கால்ல நிக்கறான். கடைசியா அப்பாவ ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனதும் அந்த வண்டில தான், அண்ணன் தான் ஓட்டினான். வண்டி பேச்ச எடுத்தாலே சண்டை. நான் என்ன செய்யட்டும்?
- கோத்தகிரி வாசகி

பதில்:

உங்க லெட்டர் மொத்தம் நாலு பக்கம்மா, இங்க போட்டது கொஞ்சம் தான். மூணு பக்கத்துக்கு மேல டிக்கி கதை, காலைல பனில ஸ்டார்ட் ஆகாதுன்னு அப்பா எப்பவும் சரிவ பாத்தே நிறுத்தி வெச்ச கதை, பின் டயருக்கு கல்லு வெக்கறது அண்ணன் வேலைன்னு எழுதினது, ஊர்ல எல்லாரும் "எஸ்டேட் வண்டி"ன்னு சொல்லப்போய் ஏதோ டீ எஸ்டேட் மேனேஜர் வண்டின்னு நெனச்சுகிட்டது, எல்லாம் ரெண்டு தடவ படிச்சேன். ஆனா கடைசி ராத்திரி பத்தி ஒரே ஒரு வரி தான் எழுதியிருக்கீங்க. நான் அங்கயே நின்னுட்டேன்.

கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர் இருக்கும், அதுக்கப்புறம் கோயம்புத்தூர். ராத்திரில, குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ சீசன்னா யானை நிக்குமோன்னு ஒரு பயம், பின்னாடி அப்பா மூச்சு வாங்கிட்டு படுத்திருக்கார், வேகமாவும் போகணும் குலுங்கவும் கூடாது, ஒவ்வொரு வளைவுலயும் கியர குறைச்சு குறைச்சு இறக்கிட்டு போயிருப்பார் உங்க அண்ணன். உங்களுக்கு அந்த வண்டின்னா டிக்கில உக்காந்துகிட்டு பின்னாடி ஓடற ரோட்ட பாக்கறது. அவருக்கு அது அந்த ஸ்டியரிங், அந்த கண்ணாடில தெரிஞ்ச அப்பா முகம். அப்படித்தான் இருக்கும்னு எனக்கு தோணுது. அவருக்கு அப்பா மேல பாசம் இல்லன்னு எழுதியிருக்கீங்களே, அத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். அந்த ஷெட்ட தொறக்க அவரால முடியல, அவ்வளவு தான்.

அதனால மொதல்ல வண்டிய விடுங்க. கோயம்புத்தூர் பஸ் ஏறி நேர்ல போங்க, போன்ல வேணாம். கொஞ்சம் வர்க்கி வாங்கிட்டு போங்க. வண்டிய என்ன பண்றதுன்னே கேக்காதீங்க, "அன்னிக்கு ராத்திரி என்ன நடந்துச்சுண்ணா, நீ எனக்கு சொன்னதே இல்லியே"ன்னு கேளுங்க. அழுதா அழட்டும். கூட உக்காந்திருங்க.

நான் இவ்வளவு உறுதியா சொல்றதுக்கு காரணம் இருக்கு. நான் குன்னூர்க்காரி. எங்க வீட்டுலயும் உங்க வண்டி மாதிரியே நீள டிக்கி வெச்ச ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் இருந்துச்சு, பெட்ரோல் வண்டி, ஏத்தத்துல ரேடியேட்டர் கொதிக்கும், மேட்டுப்பாளையம் குன்னூர் ரோட்ல பர்லியார்ல நிறுத்தி பானட்டை தொறந்து வெச்சுட்டு அப்பா மங்குஸ்தான் வாங்கி தருவார், அது ஆறற வரைக்கும் நாங்க தோல உரிச்சு தின்னுகிட்டே குரங்க வெரட்டுவோம். நான் ஹாஸ்டல்ல இருந்தப்ப வித்துட்டாங்க. லீவுக்கு வந்து பாத்தா ஷெட்ல விறகு அடுக்கியிருக்கு. வித்தது தப்பே இல்ல, வீட்டுல அப்ப காசு இல்ல. ஆனா ஒரு வார்த்த யாரும் சொல்லல, அது எனக்கு ரொம்ப நாள் வலிச்சுது. டயருக்கு அண்டக் கொடுத்த கல்லு மட்டும் மூலைல கெடந்துச்சு, இப்ப வரைக்கும் எங்க வீட்டு வாசக்கதவு காத்துல அடிக்காம அது தான் புடிச்சுகிட்டு இருக்கு. உங்க அண்ணன் உங்கள கேக்காம வித்துடக் கூடாது, நீங்களும் அவர கேக்காம வெச்சுக்கக் கூடாது.

அப்புறம் வண்டி. வெச்சுக்கறதுன்னா ஓட்டணும், சும்மா மூடி வெக்கறது நம்ம ஊருக்கு ஆகாது. ஐப்பசி கார்த்திகை மழை கோத்தகிரிய எப்படி புடிக்கும்னு உங்களுக்கே தெரியும், பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடினா ஈரம் உள்ளயே நின்னு அடித்தகடு துருவேறிடும், எலி ஒயர கடிச்சிடும். ஒரு நல்ல விஷயம், அந்த 1948 சிசி டீசல் இன்ஜின் தான் டாடாவோட மத்த வண்டிங்களான சியராலயும் ஆரம்ப கால சுமோவுலயும் வந்துச்சு, அதனால சுமோ வேல பாத்த பழைய மெக்கானிக் யாருக்கும் அது புதுசு இல்ல. ஆனா ஒண்ணு, பிரேக் ஆயில மாத்தாம மலை இறங்கவே இறங்காதீங்க. மூணு வருஷம் நின்ன பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுத்து வெச்சிருக்கும், இறக்கத்துல பிரேக் சூடாகி அது கொதிச்சா பெடல் அப்படியே உள்ள போயிடும். டயர், ஹோஸ் எல்லாமே பாக்கணும், டேங்க்ல இருக்கற பழைய டீசல மொத்தமா இறக்கிடணும்.

பேப்பர் வேலையும் இருக்கு. ஆர்சி இன்னும் அப்பா பேர்ல தான் இருக்கும்னு நெனக்கறேன். இறந்தவர் வண்டிய மூணு மாசத்துக்குள்ள வாரிசு பேருக்கு மாத்த படிவம் 31 குடுத்திருக்கணும், லேட்டாயிடுச்சு, பரவால்ல, வாரிசு சான்றிதழ், அம்மா கையெழுத்து, அண்ணன் கையெழுத்து எல்லாம் எடுத்துகிட்டு ஊட்டி ஆர்டிஓ ஆபீஸ்ல போய் கேளுங்க. 15 வருஷம் தாண்டின சொந்த காருக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா எஃப்சி, அதாவது வண்டி ஓடற தகுதில இருக்குன்னு சோதனை, காட்டி ஆர்சிய புதுப்பிக்கணும். இதெல்லாம் தாங்காதுன்னு தோணினா குடுத்துடுங்க, அதுல ஒரு பாவமும் இல்ல. ஆனா அப்ப கூட தெருமுனை காயலாங்கடைக்கு தள்ளிவிடாம அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துல குடுத்து சர்டிபிகேட் வாங்கி ஆர்சிய ரத்து பண்ணுங்க, இல்லன்னா அந்த நம்பர்ல யாராவது எதாவது பண்ணினா கேஸ் உங்க அப்பா பேர்ல வரும்.

இன்னொண்ணும் கேக்கணும். நாலு பக்கத்துல அம்மா என்ன சொல்றாங்கன்னு ஒரு எடத்துலயும் இல்ல. முன் சீட்ல அப்பா பக்கத்துல உக்காந்து போனவங்க அவங்க தான? அவங்ககிட்ட யாராவது கேட்டீங்களா?

அண்ணன பாத்துட்டு வந்து எழுதுங்க. அதுவரைக்கும் பேட்டரி ஒயர கழட்டி வைங்க, தார்ப்பாய எடுத்து ஷெட்டுக்கு காத்து விடுங்க, சரிவ பாத்து நிக்கற வண்டி, டயருக்கு கல்லு சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்குங்க.