ஸ்ஸி: விதையும் மரியாதையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொரியத் தொடர்களில் 'மின்சு ஸ்ஸி' என்று பெயரோடு சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். அகராதியைப் புரட்டினால் 'ஸ்ஸி' என்றால் விதை என்றிருக்கிறது. 'மால்ஸ்ஸி' என்றால் பேசும் விதமாம். மூன்றும் ஒரே வேரா? இந்தியின் 'ஜி'க்கு இது சொந்தமா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

'ஜி'க்குச் சொந்தமில்லை. நீங்கள் சொல்லும் மூன்றும் தங்களுக்குள்ளேயும் சொந்தமில்லை. ஓசை ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான்.

மரியாதைக்கு வரும் ஸ்ஸி சீனத்திலிருந்து வந்தது. குலம் என்று பொருள். ஜப்பானியர் அதே எழுத்தை 'ஷி' என்று படிப்பார்கள். குலத்தைச் சொன்னால் சேர்த்து எழுதவேண்டும்: 'மிர்யாங் பாக்ஸ்ஸி' என்றால் மிர்யாங் ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட பாக் குலத்தார். ஆளைச் சொன்னால் இடம் விட வேண்டும்: 'மின்சு ஸ்ஸி'.

சப்டைட்டிலில் 'திரு' என்று போடுவதை நம்பி ஏமாறாதீர்கள். இடுபெயரோடோ முழுப்பெயரோடோ வந்தால்தான் மரியாதை. வெறும் குடும்பப்பெயரோடு 'கிம் ஸ்ஸி' என்று நேரில் கூப்பிட்டால் கூலியாளை ஏவுகிற தொனி வந்துவிடும். (செய்தித்தாளில் வந்தால் குற்றமில்லை.) மேலதிகாரிக்கோ எந்த ஸ்ஸியும் ஆகாது, பதவிப்பெயரோடு 'நிம்' சேர்த்து 'கிம் க்வாஜாங்நிம்' என்பார்கள். தன் பெயருக்குப் பின்னால் தானே ஸ்ஸி போட்டுக்கொள்வதும் கூடாது.

விதை ஸ்ஸி சுத்தக் கொரியச் சொல். 15ஆம் நூற்றாண்டு நூல்களில் அது 'ப்ஸி'. முதலில் இருந்த 'ப்' பிறகு தேய்ந்துபோனது. ஆனால் கூட்டுச்சொற்களுக்குள் இன்னும் ஒளிந்திருக்கிறது. நெற்பயிர் 'ப்யோ'. விதைநெல்லுக்கு 'ப்யோஸ்ஸி' என்றுதானே வரவேண்டும்? வருவதோ 'ப்யோப்ஸ்ஸி'. நடுவில் முளைத்த 'ப்' பழைய விதையினுடையது. அரிசிக்கும் இதே கதை: இன்று 'ஸ்ஸால்', அன்று 'ப்'போடு தொடங்கியது. அதனால்தான் 'ஜோ' என்னும் தினையின் அரிசி 'ஜோப்ஸ்ஸால்' ஆகிறது.

'மால்ஸ்ஸி'யில் வரும் 'விதம்' என்னும் விகுதியிலும் இந்த 'ப்' தலைகாட்டும். கைத்திறன் 'சோம்ஸ்ஸி'. கை என்பது 'சோன்'. 'ன்' எப்படி 'ம்' ஆயிற்று? பயன்படுத்து என்ற வினை பழைய கொரியத்தில் 'ப்ஸு'. 'கையைப் பயன்படுத்தும் விதம்' என்று சேரும்போது பின்னால் நின்ற 'ப்' முன்னிருந்த மெய்யைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம். இரண்டிலும் 'ப்' இருப்பதால் விதையும் இதுவும் ஒன்றென்று எண்ணவேண்டாம். அது பிறவியிலேயே பெயர்ச்சொல், இது வினையிலிருந்து வந்தது.

இனி ஒரு கொரியச் சொல் தமிழ்போலக் காதில் விழுந்தால், சொற்பிறப்புத் தரும் கொரிய அகராதியில் அதன் 15ஆம் நூற்றாண்டு வடிவத்தை முதலில் பாருங்கள். பாதி ஒற்றுமைகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.