முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு கார் ஓட்டுவது: கேள்வி-பதில்

கே: முதுகில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம். காடி ஓட்டலாமா? (சுங்கை சிப்பூட்)

என்ன ஆபரேஷன் என்றே எழுதாமல் கேட்டால் எப்படி? விலகிய டிஸ்க்கை மட்டும் எடுத்திருந்தால் 2 முதல் 4 வாரம். நரம்பை நெருக்கிய எலும்பை எடுத்திருந்தால் 4 முதல் 6. ஸ்குரூ வைத்து எலும்பை இணைத்திருந்தால் 6 முதல் 12. இதெல்லாம் பொதுக் கணக்கு. ஆபரேஷன் செய்த டாக்டர் சரி என்ற பிறகே சாவியை எடுங்கள்.

கே: வலது பாதம் இன்னும் மரத்துப்போய் இருக்கிறது. ஆட்டோ கியர் காடிதானே, பரவாயில்லையா?

ஆட்டோவில் ஓய்வு கிடைப்பது இடது காலுக்கு. பிரேக் மிதிப்பது வலது கால். மரத்த பாதத்துக்கு எந்தப் பெடலில் இருக்கிறோம் என்றே தெரியாது. குதிகாலால் பத்து அடி, நுனிக்காலால் பத்து அடி நடந்து பாருங்கள். மரப்பு தீராவிட்டாலோ பாதம் தொங்கினாலோ ஓட்டாதீர்கள். இரண்டும் சரியாக வந்து டாக்டரும் ஒப்புக்கொண்டால், நிறுத்திய காரில் கியர் பார்க்கில், ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு பிரேக்கைப் பத்துத் தடவை பலமாக மிதியுங்கள். எஞ்சினை அணைத்துச் செய்தால் இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாக இறுகிவிடும். அது சோதனையே அல்ல. மிதிக்கும்போது இடுப்பில் சுருக்கென்று வலித்தால் இன்னும் நாள் ஆகவில்லை.

கே: வலிக்கு டிரமடோலும் காபாபென்டினும் சாப்பிடுகிறேன். தூக்கக் கலக்கம் எதுவும் இல்லை. வேலைக்கு ஈப்போ வரை ஓட்டுகிறேன்.

நிறுத்துங்கள். இந்தக் கடிதம் மாதா மாதம் வேறு வேறு கையெழுத்தில் வருகிறது. கண் சொருகவில்லை என்பது அளவுகோல் அல்ல. இந்த மாத்திரைகள் கை காலின் வேகத்தையும் மந்தமாக்கும். அது உங்களுக்கே தெரியாது. 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 25 மீட்டர் ஓடும். அரை நொடி தாமதித்தால் 12 மீட்டருக்கு மேல் போய்விடும். தோட்டத்துச் சந்தியில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி திரும்பும்போது அந்த 12 மீட்டர் உங்களிடம் இருக்காது. இரவில் மட்டும் சாப்பிடுகிறேன் என்பதும் பதில் அல்ல, காலையிலும் மிச்சம் இருக்கும். தசை தளர்த்தும் மாத்திரையும், சளிக்குத் தரும் சிறிய மஞ்சள் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஓட்டுவதற்காக மாத்திரையை விட்டுவிட்டு வலியோடு ஓட்டுவதும் தப்பு. காபாபென்டினைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மருந்தின் மயக்கத்தில் கட்டுப்பாடு இழந்து ஓட்டி யாருக்காவது காயமோ மரணமோ ஏற்படுத்துவது மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 44ஆம் பிரிவில் குற்றம். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து என்று சொல்லித் தப்பிக்கலாம் என நினைக்காதீர்கள்.

கே: கழுத்தில் காலர் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டலாமா?

கூடாது. தலையைத் திருப்ப முடியாதவருக்குச் சந்தி தெரியாது.

கே: எப்படி உட்கார வேண்டும்?

முதலில் சீட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். பிரேக்கை முழுதாக மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியிருக்கட்டும். இடுப்பு முழங்காலைவிடத் தாழக்கூடாது. பின்பாக்கெட் பர்ஸை எடுத்துவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். தழும்பில் சீட் பெல்ட் உரசினால் இடையில் சிறிய துண்டை வையுங்கள், பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.

கே: மோட்டார் சைக்கிளில் ரப்பர்ப் பால்வெட்டப் போகலாமா?

ஸ்குரூ போட்டவர் மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். செம்மண் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகில் இறங்கும்.

கே: லோரி ஓட்டுநர் நான். எம்சி (மருத்துவ விடுப்பு) முடிந்துவிட்டது.

எம்சி முடிந்தால் முதுகு ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. டாக்டரிடம் கார் என்று சொல்லாமல் லோரி என்றே சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள், சுமை இறக்குவீர்களா என்பதையும் சொல்லுங்கள். மாத்திரைப் பெயர்களையும் காட்டுங்கள். வேலைக்குத் திரும்பிய பிறகு சிறுநீர் வராமல் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, காலில் பலம் குறைந்தாலோ லோரியை ஓரம் கட்டி, வேறொருவரை ஓட்டச் சொல்லி அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.