வரலாற்றில் பி.எச்டி. சேர நினைக்கிறீர்களா? பல்கலைக்கழகத்தைக் கடைசியாகத் தேடுங்கள்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எம்.ஏ. வரலாறு கடைசி வருஷம் படிக்கிறேன். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ்வழி. 'கடலூர் மாவட்டத்தின் வரலாறு' என்ற தலைப்பில் பி.எச்டி. செய்ய ஆசை. எந்தப் பல்கலைக்கழகம் நல்லது? நெட் எழுதியே ஆக வேண்டுமா? வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்க முடியுமா? அப்பா, பி.எட். முடித்தால் போதும் என்கிறார்."

அப்பா சொல்வதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. வேலை கிடைத்தால் போதும் என்பதுதான் நோக்கம் என்றால், கல்லூரி வேலைக்குக்கூட முனைவர் பட்டம் கட்டாயமே இல்லை. 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சிதான் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி கேட்கிற குறைந்தபட்சத் தகுதி. பி.எச்டி. குறைந்தது மூன்று வருஷம், வரலாற்றுத் துறையில் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு ஐந்து வருஷம் சாதாரணமாக ஓடிவிடும். வேலைக்காக மட்டும் அவ்வளவு காலத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு விஷயம் எப்படி நடந்தது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்கிற பிடிவாதம் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். அந்தப் பிடிவாதம் உங்களிடம் இருக்கிறது என்று நம்பித்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று முதலில் கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், ஆனால் அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. முதலில் ஆராய்ச்சிக் கேள்வி, அப்புறம் அதற்கான ஆவணங்கள், அதற்குப் பிறகு அந்த ஆவணங்களை அறிந்த நெறியாளர். அவர் எங்கே இருக்கிறாரோ அதுதான் உங்கள் பல்கலைக்கழகம்.

தலைப்புக்கு வருவோம். 'கடலூர் மாவட்டத்தின் வரலாறு' நேர்முகத்தில் முதல் ஐந்து நிமிஷம்கூடத் தாங்காது. கடலூர் மாவட்டம் என்ற ஒன்றே 1993 செப்டம்பரில் தென்னாற்காட்டைப் பிரித்தபோதுதான் வந்தது, அதற்கு முந்தைய எந்த ஆவணமும் அந்த எல்லைக்குள் அடங்காது என்று ஒரு பேராசிரியர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஒரு மாவட்டத்தைப் பற்றி எல்லாவற்றையும் தொகுக்கிற வேலையை, ஆங்கிலேய அதிகாரிகளான கார்ஸ்டின் 1878-இல் எழுதிய தென்னாற்காடு மேனுவலும் பிரான்சிஸ் 1906-இல் தொகுத்த கெசட்டியரும் எப்போதோ செய்துவிட்டன. அவை உங்களுக்கு ஆதாரங்களாகப் பயன்படும், முன்மாதிரியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

எப்படிச் சுருக்குவது என்று உங்கள் ஊரை வைத்தே காட்டுகிறேன். தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயர்கள் 1690-இல் மராத்தியர்களிடம் விலைக்கு வாங்கினார்கள், பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரை சுற்றியிருந்த கிராமங்களும் சேர்ந்தே கைமாறின. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர்கள் கையில் விழுந்ததும், கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டலக் கடற்கரைத் தலைமையிடம் இந்தக் கோட்டைக்கு மாறியது, 1752 வரை இங்கேதான் இருந்தது. இதுவரை பாடப்புத்தகத்திலேயே கிடைக்கும். இனிமேல்தான் கேள்வி. ஒரு சின்னத் துறைமுக ஊர் திடீரென்று தலைமையிடமாகி, சுற்றிலும் போரும் நடந்த அந்த ஆறு வருஷத்தில், கம்பெனிக்குத் துணி கொடுத்த நெசவாளர்களுக்கும் இடையில் நின்ற வியாபாரிகளுக்கும் என்ன ஆயிற்று? முன்பணம் நின்றுபோனதா, கூடியதா? ஊரை விட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள்? இப்படிக் கேட்டால் இடம், காலம், ஆட்கள் எல்லாம் பிடிபடுகின்றன. இதையே நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை, இந்த அளவுக்குக் கூர்மையாகக் கேள்வி இருக்க வேண்டும் என்கிறேன்.

கேள்வி கிடைத்தவுடன் அதை மூன்று விதத்தில் சோதியுங்கள்: எந்தக் காகிதம் இதற்குப் பதில் சொல்லும், அது எங்கே இருக்கிறது, அதை என்னால் படிக்க முடியுமா. மேலே சொன்ன உதாரணத்துக்குக் கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகளில் ஒரு பகுதி சென்னை ஆவணக் காப்பகத்தாராலேயே அச்சிடப்பட்டிருக்கிறது, மீதியைத் தேட எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். எதிர்த்தரப்பின் பார்வைக்கு, புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயிடம் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து 1761 வரை எழுதிய நாட்குறிப்பு தமிழிலேயே இருக்கிறது. தமிழ்வழிப் படிப்பு ஒரு குறை என்பதுபோல் எழுதியிருக்கிறீர்களே, 12 தொகுதி ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி எழுதுகிறவருக்கும், பிள்ளையின் தமிழைத் தமிழாகவே படித்து எழுதுகிற உங்களுக்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள். அதை விண்ணப்பத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

புதுச்சேரி பக்கத்தில் இருப்பது இன்னொரு வாய்ப்பு. லாஸ்பேட்டையில் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது, பிரெஞ்சு ஆட்சிக்கால ஆவணங்கள் அங்கே உள்ளன. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகம் இருக்கிறது. காலையில் கடலூரில் பஸ் ஏறினால் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். பிரெஞ்சு கற்றுக்கொள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் அங்கேயே இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டைத் தொடுகிற எண்ணம் இருந்தால் எம்.ஏ. முடியும்வரை காத்திருக்காதீர்கள், இப்போதே சேருங்கள். பிரெஞ்சிந்தியாவின் ஆவணங்களில் ஒரு பெரும்பகுதி பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்தில் இருக்கிறது, பிரெஞ்சு தெரியாமல் அதன் பட்டியலைக்கூடப் புரட்ட முடியாது.

நெறியாளரைத் தேட ஷோத்கங்கா இணையதளத்துக்குப் போங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கிற இடம் அது. உங்கள் கேள்விக்கு அருகில் வருகிற பத்து ஆய்வேடுகளை எடுத்து, யார் நெறியாளர், எந்த ஆவணங்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் தலைப்பில் ஏற்கெனவே யாராவது எழுதிவிட்டார்களா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். யுஜிசியின் 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் நெறியாளராக இருக்க முடியும். ஆகவே எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இடம் காலியில்லை என்றால் இல்லைதான், அறிவிப்பில் காலியிடப் பட்டியலை முதலில் பாருங்கள். காலாப்பட்டில் புதுச்சேரி பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் அண்ணாமலை, கொஞ்சம் வெளியே போகத் தயாரென்றால் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், டெல்லியின் ஜேஎன்யூ என்று இப்படியே ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பிறகு மின்னஞ்சல். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான வழிகாட்டுதலில் ஆய்வு செய்ய விரும்புகிறேன், தலைப்பையும் தாங்களே தந்தருள வேண்டும்" என்கிற ரகத்துக்குப் பதில் வராது. ஆங்கிலத்தில் பத்து வரி போதும்: நான் இன்னார், எம்.ஏ. இந்த வருஷம் முடிகிறது. உங்கள் இந்தக் கட்டுரையில் வியாபாரிகளைப் பற்றி நீங்கள் சொன்னதைக் கடலூருக்குப் பொருத்திப் பார்க்க நினைக்கிறேன். என் கேள்வி இது. இந்த இரண்டு ஆவணத் தொகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். அடுத்த சேர்க்கையில் உங்களிடம் இடம் இருக்குமா? இரண்டு பக்க ஆய்வு முன்வரைவை இணையுங்கள். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

நெட் எழுதியே ஆக வேண்டுமா என்றால், எழுதுங்கள். 2024 ஜூனிலிருந்து நெட் மதிப்பெண்ணை வைத்தே பி.எச்டி. சேர்க்கை நடத்தும் முறை வந்திருக்கிறது. ஜேஆர்எஃப் (நெட்டில் முன்னணியில் வருகிறவர்களுக்கான இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைக்காதவர்களுக்கு நெட் மதிப்பெண் 70 சதவீதம், நேர்முகம் 30 சதவீதம், அந்த மதிப்பெண் ஒரு வருஷம்தான் செல்லும். வரலாற்றுத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும் என்பதால் பாடநூல்களை ஆங்கிலத்தில் படித்துப் பழகுங்கள். பண விஷயத்தில் வித்தியாசம் பெரிது: ஜேஆர்எஃப் என்றால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. அது இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் யுஜிசியின் நெட் அல்லாதோருக்கான உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். இதை வைத்து எழும்பூர் போய்த் தங்கி ஆவணம் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. ஜேஆர்எஃபுக்காக இன்னொரு முறை எழுத வேண்டியிருந்தால் எழுதலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நெட் எழுத முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், ஓபிசி, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு ஐந்து சதவீதம் தளர்வு. ஒரு சின்ன விஷயத்தில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்: நம்மூர் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது, மத்திய அரசின் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

வெளிநாடு உங்களாலும் முடியும். அமெரிக்காவில் நல்ல வரலாற்றுத் துறைகள் பெரும்பாலும் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாத உதவித்தொகையும் கொடுத்துத்தான் சேர்க்கின்றன. கடைசித் தேதி டிசம்பரிலோ ஜனவரி தொடக்கத்திலோ வரும், எனவே ஜூன், ஜூலையிலேயே தயாராக வேண்டும். ஜிஆர்ஈ என்ற நுழைவுத் தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. எடைபோடப்படுவது நோக்க அறிக்கையும், 20, 25 பக்கம் வருகிற எழுத்து மாதிரியும்தான். அந்த மாதிரிக்காகவே சொல்கிறேன், எம்.ஏ. ஆய்வேட்டைக் கடமைக்கு முடிக்காதீர்கள், அதில் ஒரு இயலையாவது மூல ஆவணத்தை வைத்து எழுதுங்கள். விண்ணப்பக் கட்டணம் நம் கைக்கு மீறியது, ஆனால் பல இடங்களில் கேட்டால் தள்ளுபடி உண்டு, தைரியமாகக் கேளுங்கள். பிரிட்டனில் அப்படியில்லை, இடம் கிடைப்பது வேறு, பணம் கிடைப்பது வேறு, காமன்வெல்த், ஃபெலிக்ஸ் போன்ற உதவித்தொகைகளுக்குத் தனியாக முயல வேண்டும். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தியப் பண்பாடு, வரலாறு பற்றிய ஆய்வுத் தலைப்புகளை 2022-இல் வெளியான வழிகாட்டுதல் விலக்கிவிட்டது. பட்டியல் சமூக மாணவர்கள் தங்கள் சொந்த வரலாற்றை வெளியே போய் ஆராய இருந்த ஒரு வழியை இது அடைத்தது, எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. விண்ணப்பிக்கிற ஆண்டின் வழிகாட்டுதலை வரிவரியாகப் படித்துவிட்டு இறங்குங்கள்.

அமெரிக்க விண்ணப்பத்துக்கு மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். துறைத் தலைவர் என்ற பதவிக்காக யாரிடமும் போகாதீர்கள், உங்கள் கட்டுரையைத் திருத்திக் கொடுத்தவரிடம் போங்கள். போகும்போது முன்வரைவையும் அவரிடம் எழுதிய கட்டுரையின் பிரதியையும் கையில் கொடுத்து, கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே கேளுங்கள்.