ஹைட்ரஜன் கோடு ஏன் பட்டையாகிறது?

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் ஹைட்ரஜன் விளக்கின் நீலப்பச்சைக் கோடு கம்பிபோல் தெரிகிறது. மின்பொறியிலோ அதே கோடு பட்டையாக விரிகிறது. வெப்பம்தான் காரணமா?

பதில்: வெப்பம் அல்ல. 10,000 கெல்வினில்கூட இந்த நீலப்பச்சைக் கோட்டில் (486.1 நானோமீட்டர்) டாப்ளர் விரிவு, அதாவது அணுக்களின் வெப்ப ஓட்டத்தால் வரும் அகலம், சுமார் 0.035 நானோமீட்டர்தான். உண்மைக் காரணம், 1913-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஸ்டார்க் கண்டறிந்த விளைவு: மின்புலம் பட்டால் ஹைட்ரஜன் கோடு பிளக்கும். ஹைட்ரஜனில் ஒரே கூட்டின் (ஷெல்) எலெக்ட்ரான் நிலைகள் கிட்டத்தட்ட ஒரே ஆற்றலில் இருப்பதால், பிளவு புலத்துக்கு நேர் விகிதத்தில் வளர்கிறது. மற்ற அணுக்களில் பெரும்பாலும் அப்படியில்லை. மின்பொறியில் இருப்பது பிளாஸ்மா, அதாவது அயனிகளும் எலெக்ட்ரான்களும் கலந்த வாயு. அதில் ஒவ்வோர் அணுவைச் சுற்றியும் அயனிகள் வெவ்வேறு தொலைவில் நிற்கின்றன. ஆளுக்கொரு புலம், ஆளுக்கொரு பிளவு. எல்லாம் கலந்து பட்டையாகிறது. வேகமாக மோதும் எலெக்ட்ரான்களும் அதை மேலும் விரிக்கின்றன.

எலெக்ட்ரான் அடர்த்தியை அறிய இந்த அகலமே நல்ல அளவுகோல். கன சென்டிமீட்டருக்கு 10¹⁷ எலெக்ட்ரான்கள் இருந்தால், பாதி உயரத்தில் அகலம் சுமார் 4.8 நானோமீட்டர், 10¹⁶ என்றால் ஏறத்தாழ 1. அடர்த்தியின் 0.68 அடுக்குப்படி மாறுகிறது. ஆகவே அகலத்தில் சிறு பிழையும் அடர்த்தியில் ஒன்றரை மடங்காகப் பெருகும்.

முதலில் குறையழுத்த விளக்கால் கருவியின் சொந்த அகலத்தை அளந்து நீக்குங்கள். ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்புக் கோட்டை நம்பாதீர்கள்: பிளாஸ்மா தன் ஒளியையே உறிஞ்சுவதால் உச்சி தட்டையாகி, அடர்த்தி கூடுதலாகக் காட்டும். நீலப்பச்சைக் கோட்டின் நடுவில் சிறு பள்ளம் தெரிந்தால் பதறவேண்டாம். அதன் பிளவில் நடுக்கூறு இல்லை, பள்ளம் இயல்பானதே.