அமெரிக்க வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் பை, பூட்ஸ், மழைக்கோட்டு எல்லாம் சேர்வராயன் மலைக்கு ஒத்து வருமா?

காட்டுக்குள் பல நாள் தங்கி வேட்டையாடுகிறவர்கள் வீடியோக்களில் சிபாரிசு செய்யும் சாமான்களை வாங்கி, ஏற்காட்டைச் சுற்றி இரண்டு நாள் நடக்கப் பயன்படுத்தலாமா, எதை நம்பி வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேட்டை இங்கே கிடையாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயலுக்குச் சுருக்கு வைத்தால்கூடக் குற்றம். காப்புக்காட்டுக்குள் நடப்பதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். அதனால் இந்தப் பதில் நடைக்கு மட்டும்.

அந்த வேட்டைக்காரர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு பழக்கம்தான். எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் "இது எந்த இடத்தில் விட்டுப்போகும்?" என்று பார்ப்பார்கள். சாமான் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கடுங்குளிருக்கும் இறைச்சி சுமப்பதற்கும் ஏற்றது. ஒரு எல்க் மானின் பின்னங்கால் மட்டுமே 25 கிலோவுக்கு மேல் வரும். அதைத் தாங்கத்தான் அந்த இரும்புச் சட்டம் மாதிரியான பைகள். நமக்கு வேலை வேறு. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்தில் வேர்த்துக் கொட்டும், மேலே பனிமூட்டத்தில் சட்டை நனையும். குளிரைவிட ஈரம்தான் இங்கே சாமானைக் கெடுக்கிறது.

காலணியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். கனமான பூட்ஸ் பலவற்றில் மேல்தோலுக்கும் அடி ரப்பருக்கும் நடுவே பாலியூரித்தேன் நுரை இருக்கும். காற்றிலுள்ள ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும். போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் சில வருடங்களில் கெட்டுவிடும். தள்ளுபடியில் வரும் பழைய ஸ்டாக்கில் இந்த ஆபத்து அதிகம். வாங்கும் முன், கயிற்றுக்கு அடியில் இருக்கும் பூட்ஸ் நாக்கின் உள்பக்கச் சீட்டில் தயாரிப்புத் தேதி இருக்கிறதா பாருங்கள். பிறகு நுரையின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். நல்ல நுரை அமுங்கித் திரும்பி வரும். கெட்டதில் மயிரிழை போல வெடிப்புத் தெரியும், நகத்தால் சுரண்டினால் பழைய மைசூர்பாகு மாதிரி உதிரும். அப்படிப்பட்ட பூட்ஸில் மலையேறினால் பாதி வழியில் அடிப்பாகம் மொத்தமாகக் கழன்று வரும். ஈவிஏ என்ற இன்னொரு வகை நுரைக்கு இந்தக் கோளாறு இல்லை, நடக்க நடக்கத் தட்டையாகும், அவ்வளவுதான்.

உள்ளே பஞ்சு வைத்த வேட்டை பூட்ஸ் வேண்டவே வேண்டாம். தண்ணீர் புகாத சவ்வு வைத்ததும் இங்கே அவ்வளவாக உதவாது. அடைமழையில் காலோடு வழிந்து மேல்வாய் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும், அப்புறம் இரண்டு நாளானாலும் காயாது. ஊறிய தோலில்தான் கொப்புளம் சீக்கிரம் வரும். ஆழமான பள்ளங்கள் உள்ள அடியும், வலைத்துணி மேற்புறமும் கொண்ட ஷூ போதும். மழைக்காலத்தில் அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்க முழங்கால் உயர உறை வேண்டும். பின்னல் சாக்ஸின் கண்களுக்குள் அட்டை நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த கெட்டித் துணியைத் தையல்காரரிடம் கொடுத்து, மேலே நாடா வைத்துத் தைத்துக்கொள்ளலாம். கடித்த அட்டையை நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளி எடுங்கள். நெருப்பு, உப்பு வைத்தால் அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம்.

பை 35 முதல் 40 லிட்டர் போதும். துணியின் தடிமனைவிடத் தையலைப் பாருங்கள். தோள்பட்டை வார் பையோடு சேரும் இடத்தில் நெருக்கமான குறுக்குத் தையல் இருக்க வேண்டும். வாரைப் பிடித்துப் பலமாக இழுக்கும்போது ஊசித்துளைகள் விரிந்தால் அந்தப் பை வேண்டாம். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், பாரத்தில் பெரும்பகுதி அங்கேதான் இறங்கும். பிளாஸ்டிக் பக்கிள் கல்லில் மோதினால் உடையும், அதே அளவில் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மழை உறையை மட்டும் நம்பாதீர்கள். முதுகுக்கும் பைக்கும் நடுவே தண்ணீர் இறங்கும். பைக்குள் கெட்டியான பாலித்தீன் பை ஒன்றைப் போட்டு, எல்லாவற்றையும் அதற்குள் வைத்து வாயை முறுக்கிக் கட்டினால் துணிமணி நனையாது.

வேர்வை ஆவியை வெளியே விடும் என்று சொல்லி விற்கும் விலை கூடிய 'மூச்சுவிடும்' மழைக்கோட்டுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். உள்ளே வேர்வை, வெளியே நூறு சதவீத ஈரம் என்றால் ஆவி எங்கே போகும்? தலைவழியே போட்டு, பையையும் சேர்த்து மூடும் போன்ச்சோ என்ற அகலமான மழை அங்கிதான் இங்கே சரி. உண்ணிச்செடிப் புதரில் மாட்டிக் கிழியும் என்பது மட்டும் குறை, இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். வாங்கியதும் உள்ளே செய்தித்தாள் வைத்து, தையல் பகுதியை ஐந்து நிமிடம் குழாயடியில் பிடித்துப் பாருங்கள். தாளில் ஈரம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். 0.1 மைக்ரான் ஃபில்டர் பாக்டீரியா போன்ற கிருமிகளைப் பிடிக்கும், வைரஸையும் கரைந்த மருந்தையும் பிடிக்காது. காப்பித் தோட்டங்களில் போர்டோ கலவையும் (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி) பூச்சிமருந்தும் அடிக்கிறார்கள், உரமும் போடுகிறார்கள். தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அடுப்பும் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் பலர் இறந்தது எல்லோருக்கும் தெரியும். பிப்ரவரியிலிருந்து புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். புளிச்சோறு, அவல், வேர்க்கடலை உருண்டை போதும்.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் 12, 13 டிகிரி வரை இறங்கும். 10 டிகிரிக்கான சின்தெடிக் தூக்கப்பை சரி, இறகு வைத்தது நனைந்தால் பயன்படாது. ஜீன்ஸ் வேண்டாம். காட்டெருமை நடமாடும் மலை, அந்தி சாயும்போது நடக்காதீர்கள். தலைவிளக்கு 200 லூமென் போதும். பையில் தானாக எரிந்து தீராமல் இருக்க பேட்டரியைக் கழற்றி வையுங்கள். 10,000 எம்ஏஹெச் பவர்பேங்க் போனுக்குக் கொடுப்பது 6,000 சொச்சம்தான்.

காட்டுநிற உடையையும் பெரிய கத்தியையும் வீட்டில் விட்டுவிடுங்கள். வனக்காவலர் கண்ணில் அவை வேட்டைக்காரன் அடையாளம்தான். ஆரஞ்சு நிறச் சட்டை நல்லது, வழி தவறினால் தேடுகிறவர்களுக்குச் சட்டென்று தெரியும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, 10 லிட்டர் தண்ணீரைப் பையில் ஏற்றி, அதே ஷூவோடு சேலத்தில் உள்ள ஊத்துமலை முருகன் கோயில் படிகளை மூன்று முறை ஏறி இறங்குங்கள். குதிகால் எங்கே உரசுகிறது, எந்த வார் நழுவுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும், மாற்ற நேரமும் இருக்கும்.