உருளைக்கிழங்குதானே என்று நம்பிவிடாதீர்கள்

கேள்வி: என் மகள் மருத்துவம் படிக்க லிதுவேனியாவின் கௌனஸ் நகருக்குப் போகிறாள். சைவம். கேக், பிஸ்கட்டில் முட்டை இருந்தால் மட்டும் கண்டுகொள்ள மாட்டாள். "அங்கே எல்லாமே உருளைக்கிழங்கும் பாலும்தான், கவலையே வேண்டாம்" என்கிறார் சேர்க்கை ஏஜென்ட். அதே ஏஜென்ட், ஒரு வருட 'இந்தியன் மெஸ்' பணத்தை இப்போதே கட்டச் சொல்கிறார். போலந்தில் வேலை பார்க்கும் என் தம்பியோ, "இங்கே கிடைப்பதுதான் அங்கேயும், சமாளித்துவிடலாம்" என்கிறான். யாரை நம்புவது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தம்பியைப் பாதி நம்பலாம். ஏஜென்ட் சொல்வது அவருக்கே ஒத்துவரவில்லை. கவலையே இல்லாத ஊரில் மெஸ் எதற்கு, அதுவும் ஒரு வருடப் பணம் முன்கூட்டியே எதற்கு? அந்தப் பணத்தை இப்போது கட்டாதீர்கள். மகள் போய்ச் சேரட்டும், ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்க்கட்டும், பிடித்தால் மாதாமாதம் அங்கேயே ரசீது வாங்கிக்கொண்டு கட்டட்டும். "இடம் தீர்ந்துவிடும்" என்று அவசரப்படுத்தினால், சமையல் எங்கே நடக்கிறது, முகவரி என்ன என்று கேளுங்கள். பலருக்கு அதற்குப் பதில் இருக்காது.

உருளைக்கிழங்கு, பால் என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் கிழங்கின் மேலே என்ன விழுகிறது என்பதை அவர் சொல்லவில்லை. பன்றிக் கொழுப்பைப் பொடிப்பொடியாக நறுக்கி, வெங்காயத்தோடு மொறுமொறுவென வறுத்து, உருகிய கொழுப்போடு சேர்த்துத் தட்டில் கொட்டுவார்கள். ஸ்பிர்குச்சாய் என்று பெயர். இந்த ஒரு சொல்லை மகள் மனப்பாடம் செய்துகொண்டால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மதுக்கடைகளில் வேகவைத்த பட்டாணியைக் கிண்ணத்தில் தருவார்கள். பார்த்தால் நம் ஊர் சுண்டல் மாதிரியே இருக்கும். அதன் மேலும் இதேதான்.

தம்பி சொன்ன பக்கத்து நாட்டு உறவு உண்மைதான். போலந்தும் லிதுவேனியாவும் 1569 முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே கூட்டரசாக இருந்தன. பெலாரூஸும் அதற்குள்தான் இருந்தது. அதனால் ஒரே பண்டம் எல்லைக்கு எல்லை பெயர் மாறி வரும். போலந்தின் சுவால்கி பக்கம் கர்தாச்சே என்று விற்கும் கிழங்கு உருண்டைதான் லிதுவேனியாவில் செப்பெலினாய். பெலாரூஸின் திரானிக்கி என்ற கிழங்கு அடை லிதுவேனியாவில் புல்வினியாய் பிலீனாய். அதில் பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள், மகளுக்கு ஆகாது. குகெலிஸ் என்ற கிழங்குப் பண்டம் யூதர்களின் அடுப்பிலிருந்து வந்தது என்பார்கள். அவர்கள் பன்றி தொடமாட்டார்கள். லிதுவேனியர்கள் எடுத்துக்கொண்ட பிறகு அதே குகெலிஸுக்குள் பன்றிக் கொழுப்பு சேர்ந்துவிட்டது, முட்டையும் இருக்கும். ஆக, 'அங்கே சைவம், இங்கேயும் சைவம்' என்ற கணக்கு வேலைக்காகாது.

வேதராய் என்று ஒன்று இருக்கிறது. மெனுவில் 'உருளைக்கிழங்கு' என்றுதான் எழுதியிருக்கும். அடைத்திருப்பது பன்றிக் குடலில்.

சரி, செப்பெலினாய்க்கு வருவோம். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள், ஏமாறுவதும் இதில்தான். பச்சைக் கிழங்கைத் துருவி, துணியில் போட்டு முறுக்கிப் பிழிவார்கள். பிழிந்த நீரைக் கொஞ்ச நேரம் விட்டால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேல் நீரைக் கொட்டிவிட்டு, அந்த மாவையும் மசித்த வெந்த கிழங்கையும் துருவலோடு பிசைந்து, உள்ளங்கையில் தட்டி, நடுவில் பூரணம் வைத்து, நீள உருண்டையாக்கி வேகவைப்பார்கள். பூரணம் வழக்கமாகப் பன்றிக்கறி. ஆனால் வர்ஷ்கே, அதாவது புளித்த பாலில் திரட்டிய கட்டி, வைத்ததும் பல கடைகளில் உண்டு. சைவர்கள் இதைத்தான் ஆர்டர் செய்கிறார்கள். பூரணம் சைவம், ஆனால் தட்டு சைவம் இல்லை! மேலே ஸ்பிர்குச்சாய் வந்துவிடும். அதை எடுத்துவிடச் சொன்னாலும், பக்கத்தில் ஊற்றும் புளிப்பு கிரீம் சாஸைக் கொழுப்போடு சேர்த்துத் தாளித்திருக்கலாம். வர்ஷ்கேயைப் பிசையும்போது முட்டை சேர்ப்பவர்களும் உண்டு. கறி உருண்டையும் வர்ஷ்கே உருண்டையும் ஒரே பானையில் வேகலாம். எனவே நான்கையும் கேட்க வேண்டும்: பூரணத்தில் முட்டை உண்டா, மேலே என்ன போடுவீர்கள், சாஸ் எதில் செய்தது, தனிப் பானையா. "பே மேசோஸ், பே ஸ்பிர்குச்சூ" என்று சொன்னால் கறி வேண்டாம், வறுத்த கொழுப்பு வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் கடையில் சாப்பிடலாம். "அதெல்லாம் சைவம்தான்" என்று கையை ஆட்டும் கடையில் எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு விதிப்படி, ஒவ்வாமை தரும் 14 பொருள்களைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். பால், முட்டை, மீன் எல்லாம் அதில் வருகின்றன. பன்றி வராது. உணவகத் தட்டில் எள் இருந்தால் சொல்ல வேண்டும், பன்றிக் கொழுப்பு இருந்தால் சொல்லத் தேவையில்லை! சைவம் என்று எதைச் சொல்லலாம் என்பதற்கு விதி கொண்டுவரும் பொறுப்பையும் அதே சட்டம் ஐரோப்பிய ஆணையத்திடம் கொடுத்தது. கொடுத்ததோடு சரி. பொட்டலத்தில் ஒட்டியிருக்கும் பச்சை இலைப் படத்தை நம்பாமல் பின்பக்கத்தைத் திருப்பிப் படிப்பதே வழி. ஜெலாடினா என்றால் எலும்பு, தோலிலிருந்து எடுத்தது. சில தயிர், இனிப்பு வகைகளில் இருக்கும். தாவ்காய் என்றால் விலங்குக் கொழுப்பு.

இனி அவள் தாராளமாகச் சாப்பிடக்கூடியவை. கம்புபோல் கறுத்த ரை மாவு ரொட்டி புளிக்கவைத்துச் சுடுவது, பல நாள் தாங்கும். கேஃபிர் என்ற மோர் போன்ற புளித்த பால், புளிப்பு கிரீம், பக்வீட் அரிசி எல்லாச் சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். வர்ஷ்கேயை அழுத்திச் செய்யும் வெள்ளைக் கட்டி வழக்கமாகப் புளிக்கவைத்தே திரட்டியது, கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட் என்ற உறைபொருள் பயம் குறைவு. பனீருக்குப் பதில் போட்டுக்கொள்ளலாம். கோடையில் எல்லோரும் படம் எடுத்துப்போடும் இளஞ்சிவப்பு பீட்ரூட் சூப் கேஃபிரில் கலக்குவது, ஆனால் அவித்த முட்டை சேர்ப்பார்கள். கடையில் வேண்டாம், விடுதிச் சமையலறையில் முட்டை இல்லாமல் கலக்கிக்கொள்ளட்டும். அவித்த பீட்ரூட், வெள்ளரி, கேஃபிர், உப்பு, சோயிக்கீரை (டில்), அவ்வளவுதான். தொட்டுக்கொள்ளச் சூடான கிழங்கு. திராகாய் ஊருக்குப் போனால் கிபினாய் என்ற சோமாஸ் விற்கும். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரிமியாவிலிருந்து வந்த கரைம் மக்களின் பண்டம் அது, அசலாக ஆட்டுக்கறி. இப்போது கீரை, வர்ஷ்கே வைத்ததும் உண்டு. மேலே முட்டை தடவித்தான் சுடுவார்கள். பிஸ்கட் கணக்கில் சேர்ப்பதா என்பது அவள் முடிவு.

டிசம்பர் 24 இரவு லிதுவேனியத் தோழி வீட்டுக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போகச் சொல்லுங்கள். குச்சியோஸ் விருந்தில் 12 பதார்த்தங்கள், மரபுப்படி கறி, முட்டை, பால் எதுவும் கிடையாது. கசகசாப் பாலில் ஊறிய குட்டி ரொட்டித் துண்டுகளைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடலாம். ஆனால் ஹெர்ரிங் போன்ற மீனை அவர்கள் கறிக் கணக்கில் சேர்ப்பதில்லை. காளான், பீட்ரூட் என்று வரும் ஒவ்வொரு தட்டிலும் அது ஒளிந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கரண்டி போடட்டும்.